எட்டரை மணிக்கு நாக்கைத் தூக்கு

வீடியோவில் மருந்து சாப்பிட்டால் செலவு மிச்சம் என்று கிளினிக்கில் சொன்னார்கள். யாருக்கு மிச்சம் என்று அன்றைக்கே கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. எனக்கு வாய் நீளம் என்று ஊரே சொல்லும். வேண்டிய நேரத்தில் மட்டும் அது ஒட்டிக்கொள்ளும்.

எனக்கு டிபி வந்தது. காசநோய். இப்போது இப்படிப் பச்சையாக எழுத முடிகிறது. இரண்டு வருஷத்துக்கு முன்னால், கிள்ளானில் எங்கள் ஃப்ளாட்டில், இதை மனைவியிடம் சொல்வதற்கே சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு சொன்னேன். பக்கத்து வீட்டுச் சுவர் அவ்வளவு மெல்லியது. அவள் குழாயை மூடிவிட்டு, தண்ணீர்க் காசு யார் கட்டுவது என்று கேட்டாள். அப்புறம்தான் அழுதாள்.

நான் போர்ட் கிள்ளானில் கொண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். இருபத்தாறு வருஷம். எங்களுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று இருக்கிறது, அதை வைத்து அரிசி வாங்கலாம். மற்றதெல்லாம் டிரிப் காசு. எத்தனை கொண்டெய்னர் இழுக்கிறாயோ அத்தனை. காலையில் முதல் டிரிப்பை விட்டவனுக்கு அன்றைக்கு நாள் முழுக்க வரிசையில் பின்னால்தான் இடம். ஒன்றரை மாதம் இருமினேன். டீசல் புகை, தூசு, சிகரெட் என்று எல்லாவற்றின் மேலும் பழியைப் போட்டேன். ஒரு நாள் கைக்குட்டையில் சிவப்பாக வந்தபோது, அதை மறைக்கப் பார்த்த என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனவள் என் மனைவி.

ஆறு மாதம் மருந்து, ஒரு நாள்கூட விடக் கூடாது என்றார் டாக்டர். முதல் இரண்டு வாரம் வீட்டில். அவளுக்கும் சோதித்தார்கள், ஒன்றுமில்லை. அதற்கப்புறம், இனி என்னிடமிருந்து யாருக்கும் பரவாது, வேலைக்குப் போகலாம் என்று கடிதம் கொடுத்தார். அந்தக் கடிதத்தை நான் முதலாளியிடம் காட்டவில்லை. நிமோனியா என்று சொல்லிவிட்டேன். டிபி என்றால் என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியும். லோரியைப் பிடுங்கிக்கொண்டு, ஓய்வெடு என்பார்கள். ஓய்வுக்கு யார் டிரிப் காசு கொடுப்பார்கள்? மனைவியிடம், யாரிடமும் வாயைத் திறக்கக் கூடாது என்று சத்தியம் வாங்கிக்கொண்டேன். அவள் கையை என் தலையில் வைத்து வாங்கினேன். அந்த அளவுக்குப் பயந்தாங்கொள்ளி நான்.

சட்டப்படி தினமும் கிளினிக்குக்குப் போய் மிஸ்ஸி முன்னால், நர்ஸை இங்கே அப்படித்தான் சொல்வோம், மாத்திரையை முழுங்க வேண்டும். கிளினிக் திறப்பது எட்டு மணிக்கு. அங்கே போய் வரிசையில் உட்கார்ந்து முழுங்கிவிட்டு வந்தால், முதல் டிரிப் போயே போச்சு. அதைச் சொன்னேன். மிஸ்ஸி மலாய்க்காரப் பெண், முப்பத்தைந்து இருக்கும், பொறுமைசாலி. அப்படியானால் வீடியோவில் போடலாம் என்றாள். தினமும் எட்டரைக்கு அவள் கூப்பிடுவாள். உள்ளங்கையில் நாலு மாத்திரையைக் காட்டி, முழுங்கி, தண்ணீர் குடித்து, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக் காட்ட வேண்டும். அவ்வளவுதான். பஸ் காசு மிச்சம், நேரம் மிச்சம். மூன்று தடவை எடுக்காமல் விட்டால் மட்டும் திரும்பவும் தினமும் கிளினிக்.

என் பழைய கைபேசியில் முன்பக்கக் கேமரா விரிசல் விட்டிருந்தது; அதில் பார்த்தால் எனக்கே என் முகம் தெரியாது. கைமாறி வந்த ஒன்றை வாங்கினோம். டேட்டா தனி. பிரிக்பீல்ட்ஸில் ஒரு புடவைக் கடையில் என் மனைவி ரவிக்கை அளவெடுக்கும் வேலை பார்க்கிறாள். அவள் சீட்டுப் பணத்தில்தான் அந்த வீடியோ ஆரம்பமானது. மிச்சம் என்று சொன்னார்களே, அதன் முதல் நாள் கதை இது.

முதல் நாள் எட்டரைக்கு போர்ட் வாசலுக்கு வெளியே, லோரிகள் காத்து நிற்கும் இடத்தில் நிறுத்தியிருந்தேன். முகம் வந்தது. "புக்கா மூலுட்" என்றாள், வாயைத் திறக்கச் சொல்லி. திறந்தேன். "அங்காட் லிடா" என்றாள். நாக்கைத் தூக்கினேன். எனக்கு உள்ளே எரிந்தது. நாற்பதடிக் கொண்டெய்னரைச் சந்துக்குள் ரிவர்ஸில் விடுகிறவன் நான். பல கோடி ரிங்கிட் பெறும் சரக்கை நம்பி என் கையில் கொடுக்கிறான் ஊர் பேர் தெரியாதவன். ஒரு மாத்திரையை நான் முழுங்கினேனா, நாக்குக்கு அடியில் ஒளித்துவைத்தேனா என்று நம்புவதற்கு மட்டும் அரசாங்கத்தில் ஆள் இல்லை. மிஸ்ஸியைக் குறை சொல்லவில்லை. முடிந்ததும் கட்டை விரலைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். நானும் வேறு வழியில்லாமல் சிரித்தேன்.

அந்தச் சிரிப்புதான் வினையாகப் போனது.

எங்கள் லோரிகள் பக்கத்தில் பக்கத்தில் நிற்கும். அடுத்த வண்டியின் ஜன்னல் என் ஜன்னலுக்கு நேராக இருக்கும். எங்கள் கம்பெனியிலேயே ஓட்டும் தம்பி ஒருத்தன், முப்பது வயசு, வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்கமாட்டான். நாலு நாள் பார்த்திருக்கிறான். தினமும் எட்டரை மணி. கைபேசியில் ஒரு பொம்பளை முகம். இந்த மனுஷன் வாயைப் பிளக்கிறான், நாக்கைக் காட்டுகிறான், சிரிக்கிறான். ஐந்தாம் நாள் தேநீர்க் கடையில் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"யாருண்ணே அது, டெய்லி எட்டரைக்கு?"

உண்மையைச் சொல்ல முடியாது. வேறு பொய் சட்டென்று வாயில் வரவில்லை. "ஒரு ஆளு லா" என்று இழுத்துவிட்டுத் தேநீரை ஊதினேன். போதாதா? மத்தியானத்துக்குள் கம்பெனி லோரிகள் நிற்கும் யார்டு முழுக்கப் பரவிவிட்டது. அதற்கப்புறம் எல்லாமே அதற்குச் சாட்சியாகப் போனது. வியாதியில் ஒன்பது கிலோ இறங்கியிருந்தேன். அவளுக்காக உடம்பைக் குறைத்துவிட்டேன் என்றார்கள். புதுக் கைபேசி, பேசவே வேண்டாம். சிகரெட்டை விட்டது அவள் சொல்லி. லோரிக்குள் துடைத்துச் சுத்தமாக வைத்திருப்பது அவளை ஏற்றிக்கொண்டு போகத்தான். தம்பி என்னைப் பார்த்தாலே, "அண்ணே, பத்து வயசு கொறஞ்ச மாதிரி இருக்கீங்க" என்பான்.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். எனக்கு அது கொஞ்சம் பிடித்திருந்தது. ஐம்பத்திரண்டு வயசில், நுரையீரலில் ஓட்டையோடு, மாத்திரையால் மூத்திரம் ஆரஞ்சு நிறத்தில் போகிறவனைப் பார்த்து யார்டே மன்மதன் என்கிறது. டிபிக்காரன் என்பதைவிட இது எவ்வளவோ மேல் என்று நினைத்தேன். கதை என் வியாதியை மூடிக்கொண்டது. நான் மறுக்கவில்லை. சில நாள் மீசையை முறுக்கியும் விட்டிருக்கிறேன்.

இப்படியே பத்து வாரம் ஓடியது. அதற்குள் இரண்டு தடவை எடுக்காமல் விட்டிருந்தேன். ஒரு நாள் பேட்டரி செத்துப் போனது. இன்னொரு நாள் லைன் கிடைக்கவில்லை. மாத்திரையை முழுங்கினேன்தான், ஆனால் யாரும் பார்க்காமல் முழுங்கியது முழுங்கியதில் சேராது. மூன்றாவதை விட்டால் தினமும் கிளினிக். தினமும் கிளினிக் என்றால் முதலாளிக்குத் தெரிந்துவிடும்.

ஒரு வியாழக்கிழமை கிளினிக்கில் கூட்டம் போலிருக்கிறது, எட்டரைக்குக் கூப்பிடவில்லை. எட்டே முக்காலுக்கும் இல்லை. அன்றைக்குப் பார்த்து வரிசை மடமடவென்று நகர்ந்தது. பின்னால் ஹார்ன் அடிக்கிறார்கள். எவ்வளவு நேரம் நிற்பது? உள்ளே போய்விட்டேன். உள்ளே வீடியோ கூடாது. கைபேசியைக் கையில் எடுக்கவே கூடாது. வாசலிலேயே பெரிய பலகை இருக்கிறது. ஒன்பது பத்துக்கு, கொண்டெய்னர் அடுக்குகளுக்கு நடுவில் கிரேனுக்காகக் காத்து நிற்கும்போது அது அடித்தது.

எடுத்தேன். அந்த நாலு மாத்திரைக்காக எடுத்தேன். முழுங்கி, வாயைத் திறந்து, நாக்கைத் தூக்கிக்கொண்டிருக்கும்போது கதவைத் தட்டினார்கள். கீழே போர்ட் காவலர் நின்றார். கைபேசியில் கேமரா ஓடுவதைப் பார்த்தார். எதைப் படம் பிடித்தாய், யாருக்கு அனுப்பினாய் என்றார். சரக்குத் திருட்டுக்கு உள்ளே இருந்து படம் அனுப்புகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர் சந்தேகத்தைத் தப்பு என்று சொல்ல முடியாது. ஒரு ஆளோடு பேசினேன் என்று மட்டும் சொன்னேன். என் போர்ட் கார்டை வாங்கிக்கொண்டு, திங்கட்கிழமை எட்டு மணிக்கு அதிகாரி முன்னால் விசாரணை, முதலாளியோடு வா என்றார். அந்தக் கார்டு இல்லாமல் போர்ட்டுக்குள் கால் வைக்க முடியாது. கார்டு போனால் நான் லோரிக்காரன் இல்லை, லைசென்ஸ் வைத்திருக்கிற ஒரு ஆள், அவ்வளவுதான்.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முதலாளி கைபேசியில் கூப்பிட்டார். தமிழர்தான். குரலில் கோபத்தைவிடச் சிரிப்பு இருந்தது.

"இங்க பாரு, பொம்பள விஷயம்னு சொல்லிடு. அவனுங்களும் ஆம்பளைங்கதான். சிரிச்சிட்டு ஒரு வார்னிங் லெட்டரோட விட்டுடுவானுங்க. நான் பேசிக்கிறேன். வேற எதையாச்சும் உளறிக் கார்ட கேன்சல் பண்ண வச்சிடாத."

நல்ல யோசனையாகத்தான் பட்டது. கார்டு திரும்பக் கிடைக்கும், வியாதியும் வெளியே வராது. மனைவி சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எலுமிச்சம்பழங்களைப் பாதியாக அறுத்துக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ராகுகாலத்தில் துர்க்கைக்கு விளக்குப் போட. சாறு பிழிந்த மூடியை உள்பக்கம் வெளியே வரும்படி புரட்டி, நெய் ஊற்றித் திரி போடுவார்கள். ஒன்பது ஞாயிறு என்று வேண்டிக்கொண்டிருந்தாள், அது ஆறாவது. முதலாளி சொன்னதை அவளிடம் சொன்னேன். லேசாகச் சிரித்துக்கொண்டே சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அவள் நிமிரவில்லை. "சொல்லிடுங்க," என்றாள். "ஊருக்கே தெரிஞ்ச கதைதானே."

என்ன கதை என்றேன். அப்போதுதான் எல்லாம் வந்தது. எங்கள் கம்பெனி கிளார்க்கின் மனைவி கிள்ளானிலிருந்து இவள் ஏறும் அதே கொமுட்டர் ரயிலில்தான் வேலைக்குப் போகிறாள். பெண்களுக்கு மட்டும் என்று விட்டிருக்கும் பெட்டி. தினமும் ஒரே முகங்கள். கதை அந்தப் பெட்டியில் ஏறிப் பத்து வாரமாகி இருந்தது. முதலில் பேச்சை நிறுத்திவிட்டு இவளைப் பார்த்தார்களாம். அப்புறம் தோளைத் தட்டினார்களாம். அப்புறம் ஆளாளுக்கு வழி சொன்னார்களாம். ஒருத்தி, தனியாக வங்கிக் கணக்கு ஆரம்பி என்றாளாம். கிளார்க்கின் மனைவிதான் இந்த ஒன்பது ஞாயிறு விளக்கையே சொல்லிக்கொடுத்து, தானும் கூடவே வந்து நிற்கிறாளாம்.

"எனக்கு எந்திரிச்சு சீட்டு குடுக்குறாங்க, தெரியுமா? வயித்துப் பிள்ளக்காரிக்குக் குடுக்கிற மாதிரி."

ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கத்தினேன். கத்துவதற்கு எனக்கு என்ன யோக்கியதை?

"என்னன்னு சொல்லணும்? பொம்பள இல்லம்மா, வியாதின்னா? உங்க தலையில கை வச்சு சத்தியம் பண்ணியிருக்கேன்." அடுத்த மூடியை எடுத்துப் புரட்டினாள். "அவங்க அந்தப் பொம்பள ஒழியணும்னு வேண்டிக்கிறாங்க. நான் பக்கத்துல நின்னு உங்க நெஞ்சுல இருக்கிறது ஒழியணும்னு வேண்டிக்கிறேன். யாரு என்ன கேக்குறாங்கன்னு அந்தத் துர்க்கைக்குத் தெரியாதா?"

எனக்கு வெட்கமாக இருந்தது. வேறு நல்ல வார்த்தை தேடிப் பார்த்தேன், கிடைக்கவில்லை. விடிவதற்கு முன்னால் எழுந்து என் நாலு மாத்திரையை எண்ணி டப்பாவில் போட்டு, சட்டைப் பையில் வைத்து அனுப்புகிறவள் இவள். யார்டில் நான் மீசையை முறுக்கிக்கொண்டு திரிந்த நாளெல்லாம், இவள் ரயிலில் புருஷனைப் பறிகொடுத்தவளாக உட்கார்ந்து போயிருக்கிறாள். நாளைக்கு நான் என்ன சொல்லட்டும் என்று கேட்டேன்.

"உங்க கார்டு, உங்க லோரி. நான் சொல்ல மாட்டேன். ஊர் பேசுறத நான் தாங்கிக்கிட்டேன். நீங்களே உங்க வாயால சொன்னீங்கன்னா, அது எனக்குத் தாங்காது."

சாயங்காலம் விளக்குகளைத் தட்டில் அடுக்கிக்கொண்டு கோயிலுக்குக் கிளம்பிப் போனாள்.

திங்கட்கிழமை அதிகாரியின் அறையில் முதலாளி தேய்த்த சட்டையோடு எனக்கு முன்னாலேயே வந்து உட்கார்ந்திருந்தார். அதிகாரி மலாய்க்காரர், என் வயசுதான். நிதானமாகப் படிவத்தை நிரப்பினார். பேர், லோரி நம்பர், எத்தனை வருஷம். அப்புறம் பேனாவை வைத்துவிட்டு, அந்த நேரத்தில் யாரோடு வீடியோவில் பேசினாய் என்று கேட்டார். மேசைக்கு அடியில் முதலாளி என் காலைத் தட்டினார். நான் வாயைத் திறப்பதற்குள் என் பையில் கைபேசி அடித்தது. எட்டரை.

எடுக்காதே என்றார் அதிகாரி. நான் எடுத்தேன். அவருடைய மேசை நாட்காட்டியில் சாய்த்து வைத்தேன். மிஸ்ஸியின் முகம் வந்தது. பின்னால் லோரிக்குப் பதிலாகச் சுவரைப் பார்த்ததும், எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டாள். போர்ட் ஆபீஸில், இன்றைக்கு இரண்டு பேர் கூடப் பார்க்கிறார்கள் என்றேன். அவள் முகம் மாறிவிட்டது. நோயாளியின் விஷயம் மற்றவர்களுக்குத் தெரியக் கூடாது, அப்புறம் கூப்பிடுகிறேன் என்று அவசரமாகச் சொன்னாள். வைக்காதீர்கள் என்றேன். "வியாதி என்னுது, வாயும் என்னுது. நானே காட்டுறேன்" என்று மலாயில் சொன்னேன். என் மலாய் போர்ட்டு மலாய். மரியாதை கொஞ்சம் குறைவாகத்தான் இருந்திருக்கும்.

சட்டைப் பையிலிருந்து டப்பாவை எடுத்து, நாலு மாத்திரையையும் உள்ளங்கையில் வைத்து மூன்று பேருக்கும் காட்டினேன். டிபி மாத்திரை என்றேன். ஒவ்வொன்றாக முழுங்கினேன். தண்ணீர் குடித்தேன். மிஸ்ஸிக்கு வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன். அப்புறம் அதிகாரி பக்கம் திரும்பி, அதே மாதிரி வாயைத் திறந்து நாக்கைத் தூக்கினேன். அப்புறம் முதலாளி பக்கம். அவர் நாற்காலி பின்னால் இழுபடும் சத்தம் கேட்டது. என் வாழ்நாளில் யாருக்கும் அவ்வளவு பெரிதாக வாயைத் திறந்து காட்டியதில்லை. இதுதான் நான் பேசுகிற பொம்பளை, இதற்காகத்தான் பேசுகிறேன் என்றேன். மிஸ்ஸி கட்டை விரலைத் தூக்கவில்லை. மெதுவாக நன்றி சொல்லிவிட்டு வைத்தாள்.

அதிகாரி கெட்டவர் இல்லை. நாற்காலியை நகர்த்தவில்லை. டாக்டர் கடிதத்தைக் கேட்டு வாங்கி இரண்டு தடவை படித்தார். உடம்பைப் பார்த்துக்கொள் என்றார். ஆனால் சட்டம் சட்டம்தான், உள்ளே வீடியோ வீடியோதான் என்று இரண்டு வாரத்துக்குக் கார்டை நிறுத்திவைத்தார். இனிமேல் வாசலுக்கு வெளியே நின்று பேசிவிட்டு உள்ளே வா என்றார். பொம்பளை என்று பொய் சொல்லியிருந்தால் ஒரு கடிதத்தோடு போயிருக்கும். உண்மையைச் சொன்னதற்கு இரண்டு வாரம்.

வெளியே வந்ததும் முதலாளி பத்தடி தள்ளி நின்றுகொண்டு என்னைப் பிடித்து ஏசினார். நிமோனியா என்று ஏன் ஏமாற்றினாய் என்றார். அதை ஒத்துக்கொண்டேன், அது என் தப்புதான். அப்புறம், மருந்தெல்லாம் முடிந்த பிறகு வா, அதுவரைக்கும் சம்பளமில்லாத லீவு என்றார். அதை நான் ஒத்துக்கொள்ளவில்லை. "டாக்டர் வேலைக்குப் போகலாம்னு எழுதியிருக்கார். நீங்க போகக் கூடாதுன்னு எழுதிக் குடுங்க பாஸ். அதையும் இதையும் சேர்த்து லேபர் ஆபீஸ்ல வைக்கிறேன்" என்றேன். இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் நான் இப்படிப் பேசியதில்லை. எழுதித் தர அவருக்குத் தைரியம் இல்லை.

இரண்டு வாரம் கழித்து லோரி கிடைத்தது. என்னுடையது இல்லை, அதை வேறொருத்தனுக்குக் கொடுத்துவிட்டார்கள். யார்டிலேயே பழையது, ஏர்கான் இல்லாதது. என்னைக் கடுப்பேற்றத்தான் கொடுத்தார்கள். கண்ணாடியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓட்டினேன். காற்றோட்டமாக இரு என்று டாக்டரே சொல்லியிருக்கிறார், போங்கள். காலையில் மிஸ்ஸி கூப்பிடும் வரைக்கும் வாசலுக்கு வெளியே நின்றேன். அவள் தாமதமானால் வரிசையில் என் இடம் போனது, முதல் டிரிப்பும் போனது. எந்த டிரிப்பைக் காப்பாற்ற வீடியோவுக்குப் போனேனோ அதே டிரிப். ஆனால் இப்போது கதவைத் திறந்துவைத்துக்கொண்டு, யார் வேண்டுமானாலும் பார்க்கட்டும் என்று நாக்கைத் தூக்கினேன்.

விஷயம் பரவியதும் தேநீர்க் கடை அக்கா எனக்கு மட்டும் பிளாஸ்டிக் பையில் கட்டிக் கொடுக்க ஆரம்பித்தார். நான் பார்சல் கேட்கவில்லை, கிளாஸில் கொடுங்கள் என்றேன். தயங்கினார். கிளாஸில் ஒட்டாது அக்கா, காற்றில்தான் பரவும், அதுவும் எனக்கு இப்போது பரவாது என்று கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னேன். கொடுத்தார். நான் குடித்து வைத்த கிளாஸை இரண்டு தடவை சோப்புப் போட்டுக் கழுவினார். பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு இன்னொன்று கேட்டேன். அதையும் கிளாஸில்தான் குடித்தேன். வாயாடித் தம்பி மட்டும் வந்து எதிரில் உட்கார்ந்தான். அவன் முகத்தில் பயத்தைவிட ஏமாற்றம்தான் தெரிந்தது.

"அப்ப அந்த வீடியோ அக்கா நெஜமாவே இல்லையாண்ணே?"

இல்லை என்றேன். கொஞ்ச நேரம் தேநீரைக் கலக்கினான். பிறகு, இதற்கு அண்ணியிடம் எப்படி மன்னிப்புக் கேட்பது என்றான். அது எனக்கும் தெரியாது.

ரயிலில் என் மனைவி தானே சொல்லிவிட்டாள். திங்கட்கிழமை சாயங்காலமே நான் சத்தியத்தைத் திருப்பிக் கொடுத்திருந்தேன். என் புருஷனுக்குப் பொம்பளை இல்லை, டிபி என்று அந்தப் பெட்டியில் உட்கார்ந்தபடியே சொன்னாளாம். அன்றிலிருந்து அவளுக்கு யாரும் எழுந்து இடம் கொடுப்பதில்லை. அவசியமும் இல்லை, அவளுக்குப் பக்கத்துச் சீட்டு தானாகவே காலியாகிவிடுகிறது. அதில் பையை வைத்துக்கொண்டு கே.எல். சென்ட்ரல் வரைக்கும் தூங்கிக்கொண்டு போவாளாம். மிச்சம் இருந்த மூன்று ஞாயிற்றுக்கும் கிளார்க்கின் மனைவி கோயிலுக்கு வரவில்லை. இவள் தனியாகப் போய் விளக்கை முடித்துவிட்டு வந்தாள்.

ஆறு மாதம் முடிந்தது. சளி சுத்தம் என்றார்கள். அதற்கு அடுத்த மாதம் ஒரு சனிக்கிழமை காலையில் கைபேசி அடித்தது. ஆராய்ச்சிக்காகப் பேசுகிறேன் அங்கிள் என்று ஒரு தமிழ்ப் பெண். வீடியோவில் மருந்து சாப்பிட்டவர்களுக்கு எவ்வளவு செலவானது என்று கணக்கெடுக்கிறார்களாம். கிளினிக்கில் என்னிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். சரி, கேளம்மா என்றேன். கைபேசி எவ்வளவு என்றாள், சொன்னேன். டேட்டா எவ்வளவு, சொன்னேன். வேலை இழந்த நாட்கள்? அந்த இரண்டு வாரத்தையும் சொல்லி, போன டிரிப்புகளையும் சொன்னேன். அதெல்லாம் வீடியோவால் ஆனதுதானா என்று சந்தேகமாகக் கேட்டாள். வேறு எதனால் என்றேன். சத்தம் போடாதீர்கள் என்று மனைவி உள்ளேயிருந்து சைகை காட்டினாள்.

கடைசியாக அந்தப் பெண், தினமும் கிளினிக்குக்குப் போவதைவிட இது உங்களுக்கு மலிவு என்று சொல்லலாமா அங்கிள் என்று கேட்டாள்.

நான் ஸ்பீக்கரைப் போட்டு, கைபேசியை மனைவி முன்னால் வைத்தேன். இதை இவளிடம் கேள், செலவைக் கட்டினவள் இவள்தான் என்றேன்.

மனைவி ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். குடும்பத்தாருக்கு என்ன என்ன கேள்வி வைத்திருக்கிறாய் என்று கேட்டாள். போக்குவரத்துச் செலவு ஆன்டி, வேலையை விட்டுக் கூட வந்த மணி நேரம் ஆன்டி, அவ்வளவுதான் என்றாள் அந்தப் பெண். இரண்டும் இல்லை என்றாள் மனைவி. அப்படியானால் பூஜ்யம் போடுகிறேன் ஆன்டி என்றது அந்தக் குரல்.

"பூஜ்யம் போடாதம்மா," என்றாள் மனைவி. குரலை உயர்த்தவில்லை. "நான் சொல்றத எழுது. இவரு வீடியோவுல மருந்து சாப்பிடுறதப் பார்த்துட்டு, இவருக்கு வேற பொம்பள இருக்குன்னு ஊர் பேசுச்சு. வியாதிய வெளிய சொல்ல முடியாம, ரெண்டு மாசத்துக்கு மேல நான் புருஷனப் பறிகொடுத்தவளா ரயில்ல போய் வந்தேன். அத எந்த எடத்துல எழுதுவ?"

ஆன்டி, அதற்குக் கட்டம் இல்லையே என்றாள் அந்தப் பெண். அவள் குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது.

"கட்டம் இல்லன்னா ஓரத்துல எழுது. நான் இருக்கேன், மெதுவா எழுது."

விசைகள் தட்டும் சத்தம் கேட்டது. மனைவி கைபேசியைப் பார்த்தபடி காத்திருந்தாள். எழுதிவிட்டேன் ஆன்டி என்றதும், படித்துக்காட்டச் சொன்னாள். அந்தப் பெண் படித்தாள். நோயாளியின் மனைவி இரண்டு மாதம், கணவரை வேறொருத்தியிடம் இழந்தவராக ஊரால் கருதப்பட்டு, மறுத்துச் சொல்ல முடியாமல் ரயிலில் வேலைக்குப் போய் வந்தார்.

மனைவி தலையைச் சாய்த்து முழுவதையும் கேட்டாள்.

"ரெண்டு மாசம் இல்லம்மா," என்றாள். "பத்து வாரம். கொறைக்காத."